230 பிஎஸ் ஹைபிரிட், ஆனால் லிட்டருக்கு 14 தானா?

உங்கள் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார்) லிட்டருக்கு 14 கி.மீ.தான் தருகிறது, பவர் கூடியதால் புகையும் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். பவர் கூடினால் புகையும் கூடும் என்பது ஹைபிரிடுக்குப் பொருந்தாது. உங்கள் கேம்ரிக்கு 230 பிஎஸ் இருந்தும் ஏஆர்ஏஐ (வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு) மைலேஜ் லிட்டருக்கு 25.49 கி.மீ. லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு என்றால், கிலோமீட்டருக்கு 90 கிராம்தான். எஞ்சின் அட்கின்சன் முறையில், அதாவது பவரைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எரிபொருளை மிச்சப்படுத்தி, சிக்கனமாக ஓடும். மிதிக்கும்போது கூடுதல் இழுவையை மோட்டார் தரும்.

சென்னை ஓஎம்ஆர் சாலையில் 14 வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்களே எழுதிய அந்த 3 கி.மீ. ஆபீஸ் ஓட்டம். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேற எஞ்சின் ஓடியே தீரும். சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். மே மாத ஏசி வேறு பேட்டரியைத் தின்னும்.

1. டயர் காற்றைச் சரிபார்த்து, டேங்க் நிரப்பி, பம்ப் தானாக கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். ஞாயிறு காலை ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்வந்து அதே பங்கில் நிரப்பிக் கணக்கிடுங்கள். 20 தாண்டினால் வண்டியில் கோளாறில்லை.
2. தாண்டாவிட்டால் பின் சீட்டருகே பேட்டரிக்குக் காற்று போகும் துளையைப் பாருங்கள். வெளியில் தைத்த சீட் கவர் அதை மூடியிருக்கலாம், ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம்.

உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். வெளியே சார்ஜ் போடும் பிளக்-இன் ஹைபிரிடுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சார்ஜ் போடாமல் ஓட்டினால் அது பெரிய பேட்டரியின் எடையையும் சுமக்கும் கனமான ஹைபிரிட்தான்.