ஆய்வேட்டுக்கு உசாத்துணைப் பட்டியலை ஒரே நாளில் சரியாகப் போட்டு முடிக்கலாமா?

யாழ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் இறுதி வருட மாணவி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வேடு முடிந்துவிட்டது, உசாத்துணை மட்டும்தான் மிச்சம் என்கிறீர்கள். வாசிக்கும்போதே குறித்து வைத்திருந்தால் ஒரு நாள் போதும். இல்லையென்றால் ஒரு கிழமையாவது ஒதுக்குங்கள், தங்கச்சி.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் ஆய்வேட்டில் பழைய பத்திரிகைச் செய்தி ஒன்றை அடிக்குறிப்போடு காட்டியிருந்தேன். மேற்பார்வையாளர் அந்த வரியில் விரலை வைத்து, “இந்தப் பத்திரிகையை எங்கே பார்த்தனீர்?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. இன்னொருவருடைய கட்டுரையில் இருந்த அடிக்குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். பிறகு கொழும்பு சுவடிகள் கூடத்துக்குப் போய்த் தேடினேன். அந்தத் திகதி இதழில் அப்படியொரு செய்தியே இல்லை. மூன்று மாதம் தள்ளி வந்த இதழில் இருந்தது. கட்டுரையாளரின் பிழை என் பெயரில் இன்னொரு தரம் அச்சேற இருந்தது. கண்ணால் காணாத மூலத்தைக் கண்டதாக எழுத வேண்டாம். “இன்னாரின் நூலில் எடுத்துக்காட்டப்பட்டது” என்று எழுதிவிட்டு, நீங்கள் கையில் வைத்து வாசித்த நூலை மட்டும் பட்டியலில் சேருங்கள்.

எங்களுக்கு இது கூடுதலாக முக்கியம். 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் போய்விட்டன. சில நூல்களைப் பற்றி இன்று எஞ்சியிருப்பது யாரோ ஒருவர் கவனமாக எழுதி வைத்த அடிக்குறிப்பு மட்டும்தான். நீங்கள் எழுதும் ஒரு வரியும் நாளைக்கு அப்படி ஒருவருக்கு உதவலாம்.

எந்தப் பதிப்பு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதியது. பின்னாளில் பலர் பதிப்பித்தார்கள். 1879இல் பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. “மயில்வாகனப் புலவர், பக். 34” என்று மட்டும் போட்டால் எந்தப் புத்தகத்தின் 34ஆம் பக்கத்தைப் புரட்டுவது? பதிப்பாசிரியர், பதிப்பு, ஆண்டு மூன்றும் வேண்டும். பழைய நூல்களில் ஆண்டு ‘விபவ’, ‘சுக்கில’ என்று தமிழ்ப் பெயரில் மட்டும் இருக்கலாம். அந்தப் பெயர் 60 வருடத்துக்கொரு முறை திரும்பி வருவதால், முகவுரையையும் அச்சகத்தின் பெயரையும் பார்த்து எந்தச் சுற்று என்று உறுதிசெய்யுங்கள்.

ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் வாசித்திருந்தால் அந்த ஆவணத்தின் நூலக எண்ணையும் குறித்துவிடுங்கள். பக்க எண்ணை மட்டும் திரையில் பார்த்து எழுத வேண்டாம். அட்டையும் முன்பக்கங்களும் சேர்ந்து வருவதால் பிடிஎஃப்பில் 48 என்று காட்டுவது அச்சில் 40 ஆக இருக்கலாம். தாளில் அச்சிட்டிருக்கும் எண்தான் மேற்கோளுக்குரியது.

எல்லோரும் தடுமாறுவது பெயரில்தான். வெள்ளைக்காரர் முறைப்படி கடைசிச் சொல் குடும்பப் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை. கார்த்திகேசு சிவத்தம்பி என்பதில் முன்னுள்ளது தகப்பன் பெயர், ஆகவே “சிவத்தம்பி, கா.” என்று வருவது சரி. தன் பெயரை முன்னும் தகப்பன் பெயரைப் பின்னும் எழுதுகிறவரை பட்டியல் போடும் மென்பொருளிடம் விட்டால், தகப்பனை ஆசிரியராக்கிவிடும். அவருடைய நூலின் அட்டையைப் பார்த்துக் கையால் திருத்துங்கள். மகாகவி போன்ற புனைபெயரைத் திருப்ப வேண்டாம், அப்படியே மகர வரிசையில் போடுங்கள். பண்டிதர், கலாநிதி, பேராசிரியர் பட்டங்கள் பட்டியலில் வேண்டாம். ஆனால் தலைப்பெழுத்தை ஒருபோதும் விடாதீர்கள்: பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ஒருவர், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை வேறொருவர். இருவரும் உங்கள் பட்டியலில் இருந்தால், கட்டுரைக்குள் வரும் அடைப்புக்குறியிலும் தலைப்பெழுத்தோடுதான் எழுத வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையான ஏபிஏ விதியும் அதையே சொல்கிறது.

பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணியிருந்தால் ஒரு எச்சரிக்கை. வேர்ட்டில் அகரவரிசைப்படுத்தச் சொன்னால் அது தமிழை வாசிக்காது, அடியில் இருக்கும் ஆங்கில விசையைத்தான் வாசிக்கும். பாமினியில் ‘ய’ இருப்பது ஆங்கில ‘ஏ’ (A) விசையில், ‘அ’ இருப்பது ‘எம்’ (M) விசையில். அதனால் யகரப் பெயர்கள் தலைக்கு ஏறும், அகரப் பெயர்கள் நடுவில் கிடக்கும். கணபதிப்பிள்ளை ‘எஃப்’ இல் நிற்பார். ஐகாரக் குறியை முன்னுக்கு அடிப்பதால் கைலாசபதி ஆங்கில ‘ஐ’ (I) க்குப் போய்விடுவார். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு வரிசைப்படுத்துங்கள், பிறகு கண்ணாலும் ஒருமுறை பாருங்கள்.

மற்றதெல்லாம் சின்ன வேலை. துறைக் கையேடு ஏபிஏ கேட்டால் 2019இல் வந்த ஏழாம் பதிப்பைப் பின்பற்றுங்கள். அதில் பதிப்பித்த ஊர் தேவையில்லை. மூவரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் கட்டுரைக்குள் முதல் பெயரோடு ‘முதலியோர்’ போதும். இரண்டாம் வரி உள்ளே தள்ளி வர வேர்ட்டில் கொன்ட்ரோலோடு ‘ரி’ (T) விசையை அழுத்துங்கள், ஸ்பேஸ் தட்டித் தட்டித் தள்ள வேண்டாம். தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் தனித்தனியாகப் போடுவதா என்பதை மேற்பார்வையாளரிடம் இப்போதே கேளுங்கள். சொட்டெரோ என்ற உசாத்துணை மென்பொருள் இலவசம், தமிழையும் ஏற்கும். ஆனால் தமிழ்ப் பட்டியலுக்குள்ளும் ஆங்கிலச் சொற்களைச் செருகும், தேடித் திருத்துங்கள்.

ஊர்ப் பெரியவர்களைச் சந்தித்துக் கேட்டவற்றை ஏபிஏ முறையில் பட்டியலில் சேர்ப்பதில்லை. பெயரும் திகதியும் கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் வரும். யாராவது வீட்டு அலுமாரியில் வைத்திருக்கும் நூலையோ ஏட்டையோ பார்த்திருந்தால், எந்த ஊரில், யாரிடம், எந்த நிலையில் கண்டீர்கள் என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள். எழுத முன் அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.