முள் குத்தினது தெரியாத கால்

அன்புள்ள ஐயா,

நான் திருக்கோவில் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். நவம்பர் 14, உலக நீரிழிவு தினத்துக்குப் பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு நிகழ்வு செய்யப்போகிறோம். இந்த நாள் எப்படி வந்தது, நீல வட்டம் ஏன் சின்னமானது என்று நான்தான் பேசவேண்டும். எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஊர்ச் சனத்துக்கு வெறும் வட்டம் விளங்குமா? அதற்குப் பதிலாகக் கால் எடுக்கப்பட்ட ஒருவரின் படத்தைப் பெரிதாக அடித்து வாசலில் வைத்தால், பயந்தாவது கவனமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீரிழிவு, சலரோகம், சீனி வருத்தம், இதில் எந்தச் சொல்லைப் போடுவது? எல்லோரும் நீல உடுப்பில் வரவேண்டும் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள பிள்ளை,

உங்கள் கடிதம் வந்த கிழமை நான் அலுமாரியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கிளினிக் கொப்பி கையில் அகப்பட்டது. அம்மா போய்ப் பல வருடம். பக்கம் பக்கமாகச் சீனியின் அளவு, பிரஷர், குளிசையின் பெயர். அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்த எனக்கு உங்கள் கேள்வி வந்து சேர்ந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1991இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து இந்த நாளைத் தொடங்கின. நவம்பர் 14 பிரெடரிக் பான்டிங் பிறந்த நாள். 1891இல் கனடாவில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். 1921ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அவரும் சார்ள்ஸ் பெஸ்ட் என்ற இளைஞரும் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினை எடுத்தார்கள். அடுத்த ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பொடியனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. கொலிப் என்பவர் மருந்தைச் சுத்தமாக்கிக் கொடுத்த பிறகு போட்டது வேலை செய்தது. அதற்கு முன் இந்த வருத்தம் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்சக் காலம் உயிரோடு வைத்திருந்தார்கள். அந்த மருந்தின் உரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

2006 டிசம்பர் 20ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் எடுத்து, அடுத்த வருடத்திலிருந்து இதைத் தன் நாளாகவும் ஆக்கியது. நீல வட்டம் அந்தத் தீர்மானத்துக்காக நடந்த இயக்கத்தோடு வந்தது. நீலம் எல்லா நாட்டுக்கும் மேலே இருக்கிற வானம், ஐ.நா. கொடியின் நிறமும் அதுவே. வட்டம் வாழ்வுக்கும் சுகத்துக்கும்.

சொல்லைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்றையும் போடுங்கள். நீல உடுப்பு இருக்கிறவர்கள் உடுத்துக்கொண்டு வரட்டும், இல்லாத தாய் அதற்காக ஒரு சாறி வாங்கக்கூடாது.

ஆனால் 'எங்கள் ஊர்ச் சனத்துக்கு வட்டம் விளங்குமா' என்று எழுதினீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. யாரைச் சொல்கிறீர்கள்? மேய்ச்சல்தரையில் இருநூறு மாடு நிற்கும்போது, தூரத்தில் நின்றே தொடையில் சுட்ட குறியைப் பார்த்து இது இன்னாருடைய பட்டி என்று சொல்லுகிற சனத்தையா? ஒரு வளைவும் ஒரு கோடும் யாருடையது என்று பரம்பரையாக வாசித்துவந்த ஆட்கள் அவர்கள். விளங்கப்படுத்த ஆள் இல்லாவிட்டால்தான் விளங்காது. அந்த வேலையைத்தான் உங்களிடம் தந்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் படம். வேண்டாம் பிள்ளை. தயவுசெய்து வைக்காதீர்கள். உங்கள் வாசலால் வரப்போகிறவர்களில் கால் எடுத்த ஒரு தாத்தா இருப்பார். பேரப்பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும். அவர் அந்தப் படத்துக்கு முன்னால் எப்படி நிற்பார் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? பயமுறுத்தினால் சனம் கவனமாகும் என்பது பெரிய பிழை. பயந்த ஆள் புண்ணை மறைப்பான், மறைத்த புண்தான் காலைத் தின்னும்.

இப்படிப் பயங்காட்டினதன் விளைவு எங்கள் மட்டக்களப்பு வாவியிலேயே இருக்கிறது. மாந்தீவைச் சொல்கிறேன். தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற தீவு. சின்ன வயதில் தோணியில் அந்தப் பக்கம் போனால் பெரியவர்கள் 'அங்கால பாக்காத' என்பார்கள். அங்கே இருப்பவர்களின் கைவிரல் அழுகி விழும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். எவ்வளவு பிழையான கதை என்று பிறகுதான் படித்தேன். தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்த போல் பிராண்ட் என்ற டாக்டர் வேலூரில் தொழுநோயாளரோடு வேலைசெய்தவர். அவர்களுடைய விரலும் காலும் கெட்டுப்போவது சதை தானாக அழுகுவதால் அல்ல, நரம்பு மரத்து வலி தெரியாமல் போவதால் என்று அவர் கண்டார். சுடு சட்டியைப் பிடித்தாலும் தெரியாது, செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது. பிறகு அமெரிக்காவுக்குப் போய், இதே பாடத்தை நீரிழிவுக்காரரின் காலுக்கும் பொருத்திக் காட்டினார்.

அங்கேதான் என் அம்மா வருகிறா.

யுத்தம் முடிந்து காட்டுப்பாதை திறந்த பிறகு அம்மா கதிர்காமத்துக்கு நடந்து போனா. உங்கள் ஊர்க் கோயிலில் தங்கி, பொத்துவில் தாண்டி, உகந்தையிலிருந்து குமண காட்டுக்குள் இறங்கி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து. வெறுங்கால். அப்போது அவவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினைந்து வருடம் இருக்கும். பஸ்ஸில் திரும்பி வந்த அன்று பின்னேரம் கிணற்றடியில் உட்கார்த்தி நான்தான் காலுக்குத் தண்ணீர் வார்த்தேன். புழுதி போனதும் இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. சுற்றிவரத் தோல் தண்ணீரில் ஊறின பாண் மாதிரி வெளுத்துப்போய் இருந்தது. பெருவிரலால் அமத்தினேன். சீழ் வந்தது. அதோடு அரை அங்குல முள்ளும் வந்தது.

அம்மா அப்போது குமணயில் கண்ட மயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தா. நான் முள்ளை இழுத்து எடுத்தபோதும் கதையை நிறுத்தவில்லை. "நோகல்லயா?" என்று கேட்டேன். "முருகன்ட காடு மனே, முள்ளும் பூவாத்தான் இருந்திச்சு" என்றா.

நான் அதை நம்பினேன் பிள்ளை. சந்தோசப்பட்டேன். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மஞ்சள் அரைத்துக் கட்டினோம். மூன்று கிழமையில் விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அந்தக் கொப்பியை இந்தக் கிழமை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். அவ்வளவு வருடமும் மாதம் தவறாமல் போயிருக்கிறா. கால் பார்த்ததாக ஒரு வரி இல்லை. செருப்பைக் கழற்றுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லி நான் தப்பமுடியாது. ஒரே வீட்டில் இருந்த நானும் பார்க்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போட்டாவா இல்லையா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனி வருத்தம் என்ற பெயர் எங்கள் எல்லோருடைய கண்ணையும் நாக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டது. இரத்தத்தில் சீனி கூடி வருடக்கணக்கில் நின்றால் நரம்பு கெடும், மெல்லிய இரத்தக்குழாயும் கெடும். உடம்பில் நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது, அதனால் முதலில் மரப்பது பெரும்பாலும் கால்விரல். எரிவும் விறைப்பும் சிலருக்கு வரும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியாததைத்தான் நாங்கள் சுகம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதைப் பார்ப்பதற்குப் பெரிய மெசின் தேவையில்லை. கிளினிக்கில் ஒரு நைலோன் இழை வைத்திருப்பார்கள். எங்கள் மீன்காரர் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி மாதிரித்தான் இருக்கும். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரிச் செய்தது. பாதத்தில் வைத்து அது வளையும் வரை அமத்துவார்கள். அது தெரியாவிட்டால் அந்தக் காலுக்குக் காவல் இல்லை என்று அர்த்தம். கடையில் வாங்கின தங்கூசியால் செய்துபார்க்காதீர்கள், அளவு பிழைக்கும். கேட்டு வாங்கிச் செய்விக்கவேண்டிய சோதனை அது. எங்கள் சனம் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும். 'என்ட காலை ஒருக்கா பாருங்க' என்ற ஒரு வசனத்தைப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுங்கள். வட்டத்தின் கீழே அதை எழுதினாலும் எனக்குச் சந்தோசம்.

கோயிலுக்குப் போகவேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் கால் மரத்தவர்கள் வெறுங்காலோடு நடக்கக்கூடாது, காட்டிலும் முற்றத்திலும். செருப்போடு வந்திருந்தாலும் என் அம்மாவை முருகன் கோபித்திருக்கமாட்டான். யாத்திரைக்காரர் உங்கள் ஊரைத் தாண்டித்தானே போகிறார்கள்? யாத்திரைக் காலத்தில் அவர்கள் தங்குகிற இடத்தில் இரண்டு வாளி தண்ணீரும் ஒரு டோர்ச்சும் வைத்துக்கொண்டு நாலு பேர் இருந்தால், எத்தனை பாதத்தைப் பார்க்கலாம்.

14ஆம் திகதிக்கு உங்கள் பிள்ளைகளால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்புக்கு அம்மம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிடுகிற பிள்ளைகள்தானே. வீட்டில் அவவைக் கண்ணை மூடச் சொல்லட்டும். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல், இந்த ஆறின் நுனியையும் சுட்டுவிரலால் மெதுவாக, ஒன்று இரண்டு நொடி மட்டும் தொடவேண்டும். அமத்தக்கூடாது, தட்டக்கூடாது. தொடும்போது 'தெரியுது' என்று அவ சொல்லவேண்டும். ஆறில் இரண்டு இடத்தில் தெரியாவிட்டாலே அடுத்த கிளினிக்குக்குக் காத்திராமல் கூட்டிக்கொண்டு போகவேண்டும். டாக்டர்மாரே ஆஸ்பத்திரியில் செய்கிற சோதனைதான் இது.

நிகழ்வு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பது வேண்டாம். எத்தனை அம்மம்மாக்கள் 'தெரியல்ல' என்று சொன்னார்கள், அவர்களை யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று எழுதுங்கள்.