பள்ளி வேலையை விடாமல் கண்டக்டிங் முதுகலை படிக்க முடியுமா?

நியூயார்க் மாநிலத்தில் பள்ளி பேண்டு (காற்று வாத்தியங்களும் தாளவாத்தியங்களும் கொண்ட மாணவர் குழு) ஆசிரியராக இருப்பதாகவும், இசைக்குழு நடத்துவதில் முதுகலை படிக்க வேலையை விட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். ஆசிரியர் பணிக்கான தொடக்கச் சான்றிதழில் வேலை பார்ப்பவர் ஐந்து ஆண்டுகளுக்குள் முதுகலை முடித்தாக வேண்டும் என்ற விதிதான் உங்களை நெருக்குகிறது என்று நினைக்கிறேன். என்னையும் அதுதான் நெருக்கியது.

கோடை விடுமுறையில் மட்டும் நடக்கும் படிப்பைத் தேடுங்கள். இலையுதிர்காலத்தின் வெள்ளிக்கிழமை இரவுகளை, நம் பேண்டு வாசிக்கும் அமெரிக்கக் கால்பந்து மைதானம் எடுத்துக்கொள்ளும், டிசம்பரைக் குளிர்காலக் கச்சேரி விழுங்கும். மாலை வகுப்பெல்லாம் நமக்குச் சரிப்படாது.

நான் சேர்ந்த கோடையில், "பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாளம் போட எதற்கு இந்தப் பட்டம்?" என்று முழுநேர மாணவர் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அந்த வாரப் பயிற்சிக்கு ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909இல் பேண்டுக்காக எழுதிய ஈ ஃப்ளாட் முதல் சூட் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு). அந்த மாணவர் அதன் முதல் பகுதியான சகோனை (ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் இசைவடிவம்) தொடக்கம் முதல் இறுதிவரை அழகாக நடத்தினார். குழுவின் ஒலியில் எதுவும் மாறவில்லை. என் முறை வந்தபோது நடுவில் நிறுத்தினேன். கனத்த குரல் கொண்ட பித்தளை வாத்தியங்களான யூஃபோனியமும் டியூபாவும் முதலில் வாசிக்கும் அந்த எட்டு பார் (தாளக் கட்டம்) மெட்டை எல்லா வாத்தியங்களையும் வாசிக்கச் சொன்னேன். ஈ ஃப்ளாட், எஃப், சி என்ற சுரங்களில் தொடங்கும் அந்த மெட்டு எங்கே போகிறது என்று ஒவ்வொருவருக்கும் காதில் பதிந்த பிறகு, மேலே ஓடும் வேகமான சுரங்கள் தாமாகவே அடங்கி வாசிக்கப்பட்டன. இதை எங்கே கற்றீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். "என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம்" என்றேன். இன்றும் அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

முழுநேரப் படிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவை நோக்கிப் போகிறவர் முழுநேரமாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் அங்கே மேடையில் நிற்கும் சில நிமிடங்களுக்குப் பல நாள் காத்திருக்கிறார்கள். உங்களுக்கோ தினமும் ஒரு குழு எதிரே உட்கார்ந்திருக்கிறது.

விண்ணப்பத்துக்கு உங்கள் பேண்டு ஒத்திகையை வீடியோ படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் முகமும் கைகளும் தெரியும்படி கேமராவைத் தாளவாத்தியங்களுக்குப் பின்னால் வையுங்கள். நீங்கள் எடுக்கும் பட்டத்தைச் சான்றிதழுக்கு ஏற்பார்களா என்று மாநிலக் கல்வித் துறையிடமும், சம்பள உயர்வுக்கு ஏற்பார்களா என்று பள்ளி மாவட்ட அலுவலகத்திடமும் முன்னதாகவே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படம் எடுப்பதை மட்டும் மாநிலத் தேர்வுக் காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பள்ளியில் கணிதப் பயிற்சி என்று சொல்லிப் பிள்ளைகளை ஒத்திகை நேரத்தில்தான் அழைத்துப் போகிறார்கள். கணித வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை பேண்டுக்கு அனுப்பிய நாள் ஒன்றுகூட இல்லை. பேண்டும் பாடவேளைதான், அதற்கும் மதிப்பெண் உண்டு. யூஃபோனியம் வாசிக்கும் மாணவியும் டியூபா வாசிக்கும் மாணவனும் ஒரே நாளில் போய்விட்டால், சகோனின் முதல் எட்டு பார்களை யாரை வைத்து நடத்துவது?