18,000 பொற்காசுக்கு ஒரு புள்ளி

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் காட்பாடி காந்தி நகரில் ஞாயிறுதோறும் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் விளையாட்டு. அண்ணன் விட்டுப்போன 3.5 பதிப்புப் புத்தகங்கள்தான் எங்களிடம் இருக்கின்றன. கதையைச் சொல்லி, எதிரிகளையும் ஆட்டி, ஆட்டத்தை நடத்துவது நான். எல்லோரும் 14ஆம் லெவலுக்கு வந்துவிட்டார்கள். ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் போர்வீரராக ஆடுகிறார். மற்றவர்கள் கிடைத்ததைக் கிடைத்தபோதே செலவழிக்க, அவர் மட்டும் மாதக்கணக்கில் சேர்த்து, 18,000 பொற்காசு கொடுத்துத் தன் பிளஸ் 4 வாளை (வீசும்போது பகடை எண்ணோடு 4 கூட்டித் தரும் மந்திர வாள்) பிளஸ் 5 ஆக்கிக்கொண்டார். ஆட்டம் சமமாக இருக்கட்டும் என்று எதிரிகளின் கவச எண்ணையும், அதாவது அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்ணையும், நான் ஒன்று ஏற்றினேன். இரண்டே வாரத்தில், “இதுக்காடா இவ்ளோ காசு?” என்று சோர்ந்துவிட்டார். பெரிய லெவலில் விலை உயர்ந்த மந்திரப் பொருள் வாங்குவதே வீண்தானா? விலையைக் குறைக்கட்டுமா? இன்னொன்று, என் அத்தை பெண் அடுத்த மாதம் எங்களோடு சேர்கிறாள். அவளுக்கு என்ன வாங்கச் சொல்லலாம்?
வாசகர், காட்பாடி

பதில்: தம்பி, விலையில் கை வைக்காதீர்கள். முதலில் அந்தக் கவச எண்ணை இறக்குங்கள். உங்கள் நண்பர் மாதக்கணக்கில் சேர்த்து வாங்கியது ஒரே ஒரு புள்ளி. அதை அவர் மேஜைக்குக் கொண்டுவந்த அன்றே நீங்கள் எதிர்ப்பக்கத்தில் ஏற்றி ஒன்றுமில்லாமல் செய்துவிட்டீர்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தீர்கள், தெரிகிறது. ஆனால் அவருடைய சோர்வில் பாதி அங்கிருந்துதான் வந்தது.

மீதிப் பாதி விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. 3.5இல் ஆயுதத்துக்கு மந்திரம் ஏற்றும் விலை, பிளஸ் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 2,000ஆல் பெருக்கினால் வருவது. பிளஸ் 1க்கு 2,000. பிளஸ் 2க்கு 8,000. பிளஸ் 4க்கு 32,000. பிளஸ் 5க்கு 50,000. ஒவ்வொரு படிக்கும் விலை எகிறுகிறது, கிடைப்பதோ அதே ஒன்று. இருபது முகப் பகடையில் ஒன்று என்றால் நூற்றுக்கு ஐந்து. 14ஆம் லெவல் போர்வீரருக்கு ஒரு சுற்றில் மூன்று வீச்சு. முதல் வீச்சு அநேகமாக எப்படியும் படும், அங்கே அந்த ஐந்து சதவீதம் தெரியவே தெரியாது. மூன்றாவது வீச்சுதான் அதிகம் தவறும், அங்கேதான் கொஞ்சம் உதவும். அதுவும் பகடை சரியாக அந்த ஒரு எண்ணில் நின்றால்தான், “பிளஸ் 5 இல்லாவிட்டால் இது பட்டிருக்காது” என்று யாராவது சொல்ல முடியும். ஒரு மாலை முழுக்க ஆடினாலும் அப்படி ஒரு தருணம் வராமலே போகலாம்.

அதே புத்தகத்தில் பறக்கும் துடைப்பத்தின் விலை 17,000. நண்பர் அந்த ஒரு புள்ளிக்குக் கொடுத்ததைவிட ஆயிரம் குறைவு. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் பறக்கலாம். முந்நூறு கஜ தூரத்திலிருந்து கூப்பிட்டால் தானாக வந்து சேரும். மந்திரவாதிக்குப் பறப்பது புதிதில்லை, ஐந்தாம் லெவலிலேயே அவருக்கு அந்த மந்திரம் வந்துவிடும். ஆனால் இத்தனை நாள் தரையில் நின்று டிராகனை அண்ணாந்து பார்த்த போர்வீரர் அதன் முகத்துக்கு நேரே போய் நிற்பது வேறு கதை. பின்னால் வந்த ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். 2014 புத்தகத்தில் பிளஸ் 3 வாள் ‘மிக அரிது’ வகை, 5,001 முதல் 50,000 வரை. பறக்கும் துடைப்பமோ 500 பொற்காசுக்குள் அடங்கும் வகையில் இருக்கிறது. எண்ணைக் கூட்டும் பொருளுக்கு யானை விலை, புதிதாக ஒன்றைச் செய்யவிடும் பொருளுக்குச் சுண்டைக்காய் விலை என்பது இந்த விளையாட்டில் வெகுநாளாகவே இருக்கும் கோணல்.

எனக்கு மிகவும் பிடித்தது வற்றாத நீர்க்குடுவை. 9,000 பொற்காசு. வேகமாகப் பீறிடச் சொன்னால் ஆறு விநாடிக்கு 30 கேலன், அதாவது சுமார் 113 லிட்டர். மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பி வழியும். மணலாய்க் கிடக்கும் பாலாற்றைப் பார்த்தபடி கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் நம் ஊர்க்காரர்கள் கையில் இதைக் கொடுத்துப் பாருங்கள், என்னென்ன யோசனை வருகிறது என்று! சுரங்கத்தை மூழ்கடிப்பார்கள். தீப்பிடித்த கிராமத்தைக் காப்பாற்றுவார்கள். வறண்ட ஊருக்குக் குளம் வெட்டித் தந்து தலைவரின் விசுவாசத்தையே சம்பாதிப்பார்கள். இத்தனைக்கும் அது யாருடைய தாக்குதல் எண்ணையும் ஒன்றுகூட ஏற்றுவதில்லை. பீறிடும்போது பிடித்திருப்பவரையே கீழே தள்ளப் பார்க்கும், பலத்துக்குப் பகடை உருட்டித் தப்ப வேண்டும். அந்தச் சின்ன விதி எத்தனை சிரிப்பைக் கொண்டுவரும் தெரியுமா?

அதனால் விலை உயர்ந்த பொருள் வீணா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: நேற்றுவரை செய்ய முடியாத ஒன்றை இன்று செய்ய வைத்தால் 50,000கூடத் தகும். செய்ததையே இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்ய வைத்தால், அந்தக் கொஞ்சத்தைக் கண்ணில் காட்ட வேண்டியது ஆட்டத்தை நடத்துபவர் கடமை.

சரி, வாங்கிய வாளை என்ன செய்வது? விற்றால் பாதி விலைதான் வரும், அந்த வழி வேண்டாம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், பெரிய அரக்கர்களை அடிக்க இத்தனை பிளஸ் வேண்டும் என்று கணக்கு இருந்தது. டராஸ்க் என்ற ராட்சதப் பிராணிக்கு எதிராகப் பிளஸ் 5க்குக் குறைந்த ஆயுதம் பட்டால், ஒவ்வோர் அடியின் சேதத்திலும் 25 புள்ளி கழிந்துவிடும். அப்போது பிளஸ் 5 என்பது சாவி மாதிரி. 2003இல் உங்கள் 3.5 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். மந்திர ஆயுதம்தான் வேண்டும் என்று கேட்கும் அரக்கனுக்குப் பிளஸ் 1ஏ போதும். மற்ற அரக்கர்களுக்கு வெள்ளி, அடமன்டைன் என்ற கற்பனை உலோகம் என்று பையில் நாலைந்து வாள் சுமக்க வேண்டியதாயிற்று. அதன் வழியில் 2009இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டு இதைச் சரிசெய்தது. அதில் பிளஸ் 3 ஆயுதம் வெள்ளிக்கும் ‘குளிர் இரும்பு’ என்ற தனி வகை இரும்புக்கும் ஈடு. பிளஸ் 4 அடமன்டைனுக்கு ஈடு. பிளஸ் 5 இருந்தால் புனித ஆயுதம்தான் தைக்கும், தீய ஆயுதம்தான் தைக்கும் என்ற குணத் தடைகளையும் தாண்டும். இந்த ஒரு விதியை உங்கள் மேஜைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒரே எலும்புக்கூட்டில் கட்டியவை, உறுத்தாமல் பொருந்தும்.

பிறகு வாளுக்கு வேலை கொடுங்கள். புனித ஆயுதம் மட்டுமே தைக்கும் ஒரு நரகப் பிரபுவை நிறுத்துங்கள். மற்றவர்கள் அடி எல்லாம் மழுங்கி விழட்டும், இவருடைய வாள் மட்டும் தோலைக் கிழிக்கட்டும். அதை எண்ணாகச் சொல்லிவிட்டு நகராமல், நின்று சொல்லுங்கள். இன்னொரு நாள், ஐந்தாம் லெவலில் இவர்களை ஓடஓட விரட்டிய அதே கூட்டத்தை அதே பழைய கவச எண்ணோடு திரும்பக் கொண்டுவாருங்கள். எதிரியும் கூடவே வளர்ந்துகொண்டே இருந்தால், தாம் வளர்ந்ததை ஆடுபவர் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்?

இதற்கெல்லாம் முன்னால் நண்பரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: “வாள் வந்த அன்னைக்கே நான் எதிரிகளை ஏத்திட்டேன், இப்போ இறக்கிட்டேன்.” வாரம் முழுக்கக் கம்பெனியில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை உங்களை நம்பி வருகிறவர் அவர்.

அத்தை பெண்ணுக்கு வருவோம். 14ஆம் லெவலில் சேர்கிறவருக்குப் புத்தகம் சொல்லும் சொத்து 150,000 பொற்காசு. புதிதாக வருகிறவரிடம் அத்தனை காசையும் விலைப்பட்டியலையும் சேர்த்துக் கொடுத்தால் மிரண்டுபோவார். கடைசியில் யாரோ சொன்ன பிளஸ்களை எல்லாம் வாங்கிக்கொண்டு உட்காருவார். தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் வேண்டிய அடிப்படைப் பொருள்களை நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள். முப்பதாயிரத்தை மட்டும் தனியே வைத்து, வேலூர்க் கோட்டை மாதிரி ஒன்று, சுற்றிலும் அகழி, உள்ளே போக வேண்டும், எப்படிப் போக ஆசை என்று கேளுங்கள். பறந்து என்றால் துடைப்பம். யார் கண்ணிலும் படாமல் என்றால் மறையும் மோதிரம், 20,000. கதவு இறங்கிவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு என்றால் அசையாத கோல், வெறும் 5,000. நடுவானில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் 8,000 பவுண்டு எடையை அசையாமல் தாங்கும். அவர் சொல்லும் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஆட்டத்திலேயே அந்த அகழியைக் கொண்டுவந்து விடலாம்.