கடைசிப் பக்கத்தில் வந்த கொலையாளி

கேள்வி: ஐயா, களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். வழி நெடுக ஹெட்போனில் குற்றக்கதை பொட்காஸ்ட்கள்தான். மர்மக்கதை எழுத ஆசை. ஆனால் அனுப்பிய இரண்டு கதைகளையும் திருப்பிவிட்டீர்கள். மர்மக்கதை எழுத விரும்புகிறவன் எந்தப் பொட்காஸ்ட்களைக் கேட்கவேண்டும்? எங்கள் மாவட்டத்தில் நடந்த கொலைகளைச் சொல்லும் பொட்காஸ்ட் ஒன்றை நண்பனோடு சேர்ந்து தொடங்கவும் இருக்கிறேன். உங்கள் ஆலோசனை என்ன?
- ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, கதைகள் ஏன் திரும்பி வந்தன என்பதற்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டிலும் கொலை நடக்கிறது, பொலிஸ் வருகிறது, ஊர் கூடுகிறது. அதுவரை பெயர்கூடச் சொல்லப்படாத ஒருவன் கடைசிப் பக்கத்தில் கைதாகிறான். முதல் கதையில் கொழும்பு லொறிக்காரன், இரண்டாவதில் செத்தவரின் தூரத்து மச்சான். உண்மையான கொலை வழக்குகள் அப்படி முடிவதுண்டு. மர்மக்கதையை அப்படி முடித்தால் வாசகர் ஏமாந்துபோவார்.

நீங்கள் பஸ்ஸில் கேட்பவை நடந்த கொலைகளைப் பற்றியவை. அதில் பேசுகிறவருக்கு ஒரே ஒரு கவலைதான், இடையில் நீங்கள் நிறுத்திவிடக்கூடாது. அதற்காகப் பின்னணியில் ஒரு இரைச்சல், விளம்பரத்துக்கு முன் ஒரு ‘ஆனால்...’. தடயத்தை முன்கூட்டியே உங்கள் கண்ணில் காட்டவேண்டும் என்ற பொறுப்பு அவருக்குக் கிடையாது. இந்த வகைக்கு உலகம் முழுவதும் ஆள் சேர்த்தது 2014இல் அமெரிக்காவில் வந்த ‘சீரியல்’. 1999இல் பால்ட்டிமோரில் கொல்லப்பட்ட ஒரு பள்ளி மாணவியின் வழக்கை அதன் முதல் தொடர் 12 பகுதிகளில் கிளறியது. யார் செய்தது என்ற உறுதியான விடை கடைசிவரை வரவில்லை. வழக்கும் ஓயவில்லை. குற்றவாளி என்று சிறையிலிருந்தவருக்கு எதிரான தீர்ப்பு 2022இல் ரத்தானது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திரும்ப நிலைநிறுத்தியது. ‘தெரியவில்லை’ என்று முடிப்பது பத்திரிகையாளருக்கு நேர்மை. கதைகாரர் அப்படி முடித்தால் அடுத்த கதையை யாரும் தொடமாட்டார்கள்.

ரொனால்ட் நொக்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1929இல் அந்தக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிடவேண்டும் என்பது முதலாவது கட்டளை. துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கு ஒளிக்கக்கூடாது என்பது இன்னொன்று. பத்தில் சிலவற்றை இன்று வாசித்தால் சிரிப்பு வரும், சீனர்களைப் பற்றிய ஒன்று முகம் சுளிக்கவும் வைக்கும். நான் சொன்ன இரண்டும் இன்றைக்கும் அசையவில்லை. உங்கள் கதைகள் இந்த இரண்டிலும்தான் தவறின.

சரி, பொட்காஸ்ட்களுக்கு வருவோம். நான் சொல்பவை ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழில் யூடியூபைத் திறந்தால் கொலை வழக்குச் சொல்லும் குரல்களுக்குக் குறைவில்லை. மர்மக்கதை எப்படிக் கட்டப்படுகிறது என்று உட்கார்ந்து பேசுகிற குரல் என் காதில் விழவில்லை. உங்களுக்கும் நண்பருக்கும் பொட்காஸ்ட் ஆசை இருந்தால் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

முதலில் ‘ஷீடனிட்’. கரோலைன் கிராம்ப்டன் 2018இலிருந்து நடத்துகிறார். 1920களிலும் 30களிலும் இங்கிலாந்தில் வந்த துப்பறியும் கதைகள்தான் அவருடைய வயல். முதல் உலகப் போரில் இளைஞர்கள் பெருந்தொகையாக மாண்டுபோக, கல்யாணமாகாமல் தனித்த பெண்கள் எத்தனையோ பேர். ஊருக்கு ‘மிச்சமான’ அந்தப் பெண்கள், கதைகளில் எல்லாவற்றையும் கவனித்து உண்மையைக் கண்டுபிடிக்கும் கிழவிகளாக எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லித்தான் தொடரையே தொடங்கினார். அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர்கள்தான் நினைவுக்கு வந்தன. போருக்குப் பிறகு தனியாக நின்று குடும்பம் நடத்தும் பெண்கள் இல்லாத கிராமம் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உண்டா, மேற்கே படுவான்கரையில் உண்டா? சந்தியில் சில்லறைக்கடை வைத்திருக்கும் ஒரு மாமியை நினைத்துப் பாருங்கள். யார் எந்த நேரம் வந்தார், யார் வழமையாக வாங்காத சாமானை அன்றைக்கு வாங்கினார் என்பது அவருடைய கடன் கொப்பியில் இருக்கும். அதைவிட நல்ல தடயப் பெட்டகம் எந்தப் பொலிஸ் நிலையத்திலும் இல்லை. ஆனால் எங்களுக்கு வரும் மர்மக்கதைகளில் துப்பறிகிறவர் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்ட, சென்னைத் தமிழ் பேசும் ஓர் இளைஞர். தொடக்கத்தில் கல்லடிப் பாலம், நிலா வெளிச்சம், பாடும் மீன். மீன்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.

‘ஓல் எபவுட் அகதா’ என்று ஒன்று இருக்கிறது. அகதா கிறிஸ்டியின் 66 துப்பறியும் நாவல்களையும் வெளிவந்த வரிசையில் எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது. நாவலை வாசிக்காமல் அதைக் கேட்கவேண்டாம், முடிவை உடைத்துத்தான் பேசுவார்கள். 1941 முதல் வரும் ‘எல்லரி குயீன்’ மர்மக்கதை இதழுக்கும் ஒரு பொட்காஸ்ட் உண்டு. இதழில் வந்த சிறுகதைகளை வாசித்துப் போடுகிறார்கள், பலவற்றை எழுதியவர்களே வாசிக்கிறார்கள். உங்களுக்கு அதிகம் உதவப்போவது அதுதான். 2008இல் தொடங்கிய ‘ரைட்டிங் எக்ஸ்கியூசஸ்’ பொதுவான எழுத்துப் பயிற்சி, துண்டு துண்டாகக் கேட்கலாம். இதற்கு மேல் பட்டியல் வேண்டாம். பட்டியல் நீண்டால் ரீலோட் காசுதான் கரையும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கதை மூன்றில் இரண்டு பங்கு ஓடியதும் போனை நிறுத்துங்கள். யார் செய்தது, எதை வைத்துச் சொல்கிறேன் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள். மறுகா மிச்சத்தைக் கேளுங்கள். உங்கள் ஊகம் பிழைத்துப்போனால் திரும்பவும் முதலிலிருந்து கேட்டு, தடயம் எந்த வசனத்துக்குள் படுத்திருந்தது என்று பிடியுங்கள். பெரும்பாலும் நீங்கள் சிரித்த இடத்திலோ, இரண்டு பேர் சண்டை பிடித்த இடத்திலோதான் இருக்கும்.

இன்னுமொன்று. புத்தகத்தில் சந்தேகம் வந்தால் பக்கத்தைப் பின்னால் புரட்டலாம். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. நொக்ஸ் பாதிரியாரே இதைப் பட்டறிந்தவர். 1926 ஜனவரியில் பி.பி.சி வானொலியில், லண்டனில் கலகம் வெடித்துவிட்டது, பிக் பென் கோபுரம் தகர்ந்துவிட்டது என்று செய்தி வாசிப்பதுபோல ஒரு நையாண்டி செய்தார். வேடிக்கை என்று முதலிலேயே சொல்லித்தான் தொடங்கினார்கள். இடையில் வானொலியைத் திருப்பியவர்கள் நம்பிப் பதறிப்போனார்கள். ஆகவே காதுக்கு எழுதும்போது தடயத்தை இரண்டு தரம் வையுங்கள், ஒவ்வொரு தரமும் வேறு காரணத்துக்காக வந்ததுபோல. பெயர்களையும் கவனியுங்கள். உங்கள் இரண்டாவது கதையில் அண்ணன் தம்பிமார் சிவராசா, சிவலிங்கம், சிவபாலன். குடும்பத்தில் அப்படித்தான் பெயர் வைப்பார்கள், ஆனால் கேட்பவருக்கு மூன்று பேரும் ஒருவரே. காதுக்கு எழுதுவது இரண்டாந்தர வேலை என்றும் நினைக்கவேண்டாம். மேரி மகாராணியின் 80ஆவது பிறந்தநாளுக்காக 1947இல் கிறிஸ்டி எழுதிய அரைமணி நேர வானொலி நாடகம்தான், 1952இல் ‘தி மவுஸ்ட்ராப்’ என்று மேடையேறி லண்டனில் இன்றும் ஓடுகிறது.

களத்துக்கும் நீங்கள் எங்கும் அலையவேண்டியதில்லை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் பாதை, அதாவது மிதவைப் படகு, ஓடுகிறது. மழைக்காலத்து இரவு, கடைசிப் பாதையும் போய்விட்டது, இந்தக் கரையில் ஏழு பேர். இதைவிட என்ன வேண்டும்? வெள்ளம் ஏறினால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணலை வெட்டித் திறப்பார்கள், வாவித் தண்ணீர் வடியும், ஒளித்து வைத்தது வெளியே தெரியும். ஆனால் வெட்டினால் தண்ணீர் வடியும் என்பதைக் கதையின் முதல் பாதியிலேயே யாராவது சொல்லியாகவேண்டும். வவுனியா வாசகருக்கு அது தெரியாது.

நண்பரோடு தொடங்கப்போகும் பொட்காஸ்ட்? வேண்டாம். பால்ட்டிமோர் உங்களுக்குத் தூரம். களுவாஞ்சிகுடியில் பெயரை மாற்றினாலும் கிணற்றையும் ஒழுங்கையையும் சொன்னதும் யார் வீடு என்று தெரிந்துவிடும். அந்தத் தாய் அடுத்த தெருவில் இருக்கிறார், நீங்கள் போகும் அதே பஸ்ஸில் வருவார். வழக்கு நீதிமன்றத்தில் நிற்கும்போது நீங்கள் ஒருவனைக் கொலைகாரன் என்று சொல்லிவிட்டால் வரும் வினை தனி. பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே என்று கேட்டு வருடக்கணக்காகத் தெருவில் நிற்கும் தாய்மார் உள்ள மாவட்டம் இது. விடை கிடைக்காத அந்தக் கேள்விக்குப் பின்னணி இசை போடுவதற்கு உங்களுக்கு மனம் வராது என்று நம்புகிறேன்.

மூன்றாவது கதையை எழுதி அனுப்புங்கள். கடைசி இரண்டு பக்கத்தையும் தனி உறையில் ஒட்டி வையுங்கள். ஆள் யார் என்று நான் எழுதி வைத்துவிட்டுத்தான் உறையைப் பிரிப்பேன். நான் தோற்று, தடயமும் முன்பக்கங்களில் ஒழுங்காக இருந்தால் அடுத்த இதழில் போடுகிறேன்.