கேட்க ஆளில்லாத கதை

கேள்வி: என் அப்பா மிலிட்டரியில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். 1988, 89 இல், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார். நான் பிறந்தது அதற்குப் பிறகு. தீபாவளிக்கு முந்தின நாளே குலதெய்வம் கோயிலுக்கென்று தனியாகக் கிளம்பிவிடுவார். பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவார். டி.வி.யில் யாராவது இலங்கைத் தமிழில் பேசினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். "அவரு அப்படித்தான்" என்பதோடு அம்மா முடித்துக்கொண்டார். போன மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தபோது, "அங்க ஒரு வீட்ல ஆட்டுக்கல்லுல மாவு பாதி அரைச்சபடியே கெடந்துச்சு" என்றார். நான், "சரிப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றேன். அவ்வளவுதான், அதன் பிறகு பேச்சே இல்லை. அவரைப் புரிந்துகொள்ளப் போர் நாவல்களைத் தேடிப் படிக்கிறேன். நாவலில் திரும்பி வந்தவன் செத்துப்போகிறான்; சினிமாவில் ஒரு தடவை அழுது சரியாகிவிடுகிறான். இதில் எது உண்மை? இப்படிப்பட்ட மனிதர் மாற முடியுமா? அவருக்கு ஏதாவது நாவல் வாங்கிக் கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்.

பதில்: அன்புள்ள மகளுக்கு,

உங்கள் அப்பாவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். அந்த உரிமையில் இப்படிக் கூப்பிடுகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வாங்கிக் கொடுக்காதீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். நாவல் உங்களுக்கு, அவருக்கு அல்ல. சினிமாவையும் விடுங்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் ஜனங்களை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டியவர்களுக்கு மழையில் ஓர் அழுகை வசதி. அழுத மறுநாள் காலை அந்த ஆள் எப்படி எழுந்தான் என்று யாரும் காட்டுவதில்லை.

நாவல்களைப் பற்றி நீங்கள் சொன்னது பாதிதான் சரி. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1925 இல் வெளியிட்ட 'சோல்ஜர்ஸ் ஹோம்' என்ற சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரெப்ஸ் என்ற பையன் முதல் உலகப் போருக்குப் போய் 1919 கோடையில் ஊர் திரும்புகிறான். மற்றவர்கள் முன்பே வந்து மாலை மரியாதையெல்லாம் வாங்கி முடித்தாயிற்று. முதலில் அவனுக்குப் பேசப் பிடிக்கவில்லை. பேச வேண்டும் என்று தோன்றியபோது கேட்க ஆளில்லை. ஊர் அதைவிடக் காரமான கதைகளைக் கேட்டுச் சலித்திருந்தது. காது கொடுக்க வைப்பதற்காகக் கொஞ்சம் பொய் சேர்த்துச் சொல்கிறான். அந்தப் பொய், அவன் மனசுக்குள் பத்திரமாக வைத்திருந்த நல்ல நினைவுகளையும் கெடுத்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது அம்மா வேலைவெட்டி பற்றிப் பேசிக்கொண்டே போகிறாள். அவன் தட்டையே பார்க்கிறான். தட்டில் பன்றி இறைச்சியின் கொழுப்பு ஆறி உறைந்துகொண்டிருக்கிறது. "உனக்கு அம்மா மேல பாசம் இல்லையா?" "இல்லை." அவள் அழுததும், அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று சமாளிக்கிறான். ஒரு குண்டுகூட வெடிக்காத போர்க்கதை அது.

உங்கள் அப்பா எந்த ஊருக்குத் திரும்பி வந்தார் என்று நினைத்துப் பாருங்கள். 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திரும்பியபோது வரவேற்பு நிகழ்ச்சிக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களோடு சண்டை போட்டுவிட்டு வரும் படை என்ற கோபம் இங்கே இருந்தது. கோபத்துக்குக் காரணமும் இருந்தது. அடுத்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, யாழ்ப்பாணம் என்று வாயெடுக்கவே ஜனங்கள் தயங்கினார்கள். ஒரு தமிழ் ஹவில்தார் யாரிடம் போய் எதைச் சொல்லியிருப்பார்? கார்கிலுக்குப் போய் வந்தவரைப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். இவரை?

இப்போது செத்துப்போகிறவனிடம் வருவோம். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலவே' நாவலும் 1925 இல் வந்ததுதான். அதில் வரும் செப்டிமஸ், போரில் நண்பன் இவான்ஸ் செத்தபோது தனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லையே என்று மெச்சிக்கொண்டவன். போர் முடிந்து சில வருடம் கழித்து, செத்த இவான்ஸ் லண்டன் பூங்காவில் அவன் கண்ணுக்குத் தெரிகிறான். ஒரு டாக்டர் உனக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். அவரைவிடப் பெரிய டாக்டர், மனைவியிடமிருந்து பிரித்து விடுதியில் படுக்க வைக்க வேண்டும் என்கிறார். கடைசியில் ஜன்னல் வழியே குதித்துவிடுகிறான். இதை மட்டும் படித்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் குதிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு காட்சி இருக்கிறது; பலர் அதை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். மனைவி ரேஸியா தொப்பி தைப்பவள். யாரோ ஒரு பெண்ணுக்காக ஒரு தொப்பி செய்துகொண்டிருக்கிறாள். செப்டிமஸ் அதைப் பார்த்துக் கிண்டலடிக்கிறான், ரிப்பனையும் பூவையும் தானே எடுத்துப் பொருத்திக் காட்டுகிறான், அவள் அப்படியே தைக்கிறாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். டாக்டர் மாடிப்படி ஏறி வருகிற சத்தம் அதற்கு அப்புறம்தான் கேட்கிறது.

மாற முடியுமா என்று கேட்டீர்களே, அந்தத் தொப்பிதான் என் பதில். மாற்றம் அந்த அளவில்தான் வருகிறது, அதுவும் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது. நல்ல எழுத்தாளர்கள் திரும்பி வந்தவனைவிட அவனைச் சுற்றி இருப்பவர்களைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். செப்டிமஸை ஒரு தடவைகூடச் சந்திக்காத டாலவே அம்மாள், தன் வீட்டு விருந்தில் யாரோ பேச்சோடு பேச்சாகச் சொல்ல அந்தச் சாவைக் கேள்விப்படுகிறாள். கூட்டத்தை விட்டுத் தனியறைக்குப் போய் ஜன்னலருகே நிற்கிறாள். அந்த நாவலில் அவனுடைய சாவு போய்ச் சேர்வது அவளிடம்தான்.

இன்னொன்று, இது நிஜ மனிதர்களின் கதை. கர்ட் வானகட் அமெரிக்கச் சிப்பாய். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டு வீச்சில் எரிந்தபோது அங்கே போர்க்கைதியாக இருந்தவர். அதை நாவலாக்க அவருக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆனது. கூடக் கைதியாக இருந்த பழைய நண்பரின் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து பேசி ஞாபகப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். நண்பரின் மனைவி மேரிக்கோ ஒரே எரிச்சல். ஐஸ் டிரேயை சமையலறைத் தொட்டியில் டங் டங்கென்று தட்டுகிறார். கடைசியில் வெடிக்கிறார்: அப்போது நீங்கள் எல்லாரும் பச்சைப் பிள்ளைகள், புத்தகத்தில் ஹீரோவாக்கிவிடுவீர்கள், அதைப் பார்த்து இன்னும் போர் வரும் என்று. 1969 இல் வந்த 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே இதை அவர் எழுதிவிட்டார். புத்தகத்தையும் அந்த அம்மாவுக்குச் சமர்ப்பித்தார். மேரி கோபமாகத்தான் கேட்டார், ஆனாலும் கேட்டார்.

நீங்கள் "இப்ப எதுக்கு" என்று சொன்னதற்காக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். இருட்டில் திடீரென்று அப்படி ஒன்று வந்து விழுந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். அவர் பட்டதை மட்டும்தான் சொல்வார் என்று நினைக்காதீர்கள். பார்த்ததும் இருக்கும், செய்ததும் இருக்கலாம். 1987 தீபாவளியின்போது யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்ஸுகளையும் அமைதிப்படை சுட்டுக் கொன்றது. உங்கள் அப்பா அப்போது அங்கே இல்லை என்பது நீங்கள் சொன்ன வருடங்களிலிருந்தே தெரிகிறது. ஆனாலும் அதே படைதான், அதே ஊர்தான். மாவை அரைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 'முறிந்த பனை'யைப் படியுங்கள். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் உள்ளே இருந்துகொண்டு எழுதியது. எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைப் படித்தவர்கள் "அதை விடுங்கப்பா, உங்க தப்பில்ல" என்று அவசரமாகச் சொல்லமாட்டார்கள். மன்னிப்பது உங்கள் கையில் இல்லை. கேட்பதுதான் உங்கள் கையில்.

வைத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதுதான் வீரம் என்று அப்பாவின் காலத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். போர் போன்ற கொடுமைகள் மனசில் விட்டுப்போகும் காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்து நோய்ப் பட்டியலில் சேர்த்ததே 1980 இல்தான். ஈழத்தில் இதை மனவடு என்கிறார்கள். இந்த வயதிலும் சிகிச்சைக்குப் பலன் உண்டு. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் அட்டை இருந்தால், அதன் பாலிகிளினிக்கில் கேட்டு மனநல மருத்துவரிடம் போகலாம். தூக்கம் வரவில்லை என்று சொல்லியே கூட்டிப் போங்கள், அது பொய்யாக இருக்காது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 க்கு நீங்களே கூப்பிட்டுத் தமிழில் பேசலாம். தனக்கு ஏதாவது செய்துகொள்வார் என்ற பயம் எப்போதாவது வந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கரண்ட் மறுபடியும் போகும், நம் மின்வாரியத்தை நம்பலாம். அப்போது போனில் டார்ச்சைப் போட்டுவிடாமல் பக்கத்தில் உட்காருங்கள். யாழ்ப்பாணம், போர் எதுவும் வேண்டாம். "அந்த ஆட்டுக்கல்லுல என்ன மாவுப்பா இருந்துச்சு, உளுந்தா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.