பிறர் எழுதிய கணினி நிரலைப் படித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

கேள்வி: எபேன் சைபர் சிட்டி தொழில்நுட்ப வளாகத்தில் ஆறு பேர் கொண்ட மென்பொருள் குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஒருவர் நிரலை மற்றவர் பார்க்கும்போது புதியவர்கள் "சரி" என்று மட்டும் எழுதுகிறார்கள்; மூத்தவர்களோ நிரலில் விட்ட இடைவெளியிலும் இட்ட பெயரிலும் குறை கண்டு மனத்தை நோகடிக்கிறார்கள். இதைப் பயிற்சியால் மாற்ற முடியுமா?
– வாசகர், ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: நிச்சயமாக முடியும். ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976இல் வெளியிட்ட நிரல் ஆய்வு முறையில், குழுவாகக் கூடி ஆராயும் கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் நிரலைத் தனியே படித்துவருவது ஒரு கட்டமாகவே இருந்தது. கூட்டத்தின் வேலை பிழையைக் கண்டறிவது, திருத்தும் வழியை விவாதிப்பதன்று.

உங்கள் குழுவில் முன்பு சிக்கல் தந்து பிறகு திருத்தப்பட்ட ஒரு நிரலை, திருத்துவதற்கு முந்தைய வடிவில் எல்லோருக்கும் கொடுத்து, அரைமணி நேரம் தனித்தனியே படிக்கச் செய்து, கண்டவற்றை ஒப்பிடச் சொல்லுங்கள். பிழை உண்டு என்று தெரிந்து தேடும்போது "சரி" என்று எழுதி நகர யாருக்கும் மனம் வராது. இடைவெளிகளைச் சீராக்குவதை அதற்கான மென்பொருள் கருவியிடம் விட்டுவிடுங்கள். மனிதர் நேரத்தை அதில் செலவிடுவது வீண்.

குறிப்பு எழுதுவதையும் கற்பிக்க வேண்டும். "இது தவறு" என்பதைவிட, "பட்டியல் காலியாக இருந்தால் இந்த வரியில் பூஜ்யத்தால் வகுக்க நேருமே, முன்பே சோதிக்கலாமா?" என்பது காரணத்தையும் வழியையும் சேர்த்தே தருகிறது. மொரிஷியஸின் பேச்சுமொழியான கிரியோலில் பேசிப் பழகியவர்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சுருக்கமாக எழுதும்போது தொனி கடுமையாகிவிடுவதுண்டு. அத்தகைய குறிப்பை நேரில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். முதல் சில வாரங்கள் உங்கள் நிரலையே குழுவினர் முன் வையுங்கள்.